அரிய நூல்கள் பற்றிய ஐந்து நாள் வகுப்புகள்: தமிழ் நூல்களைப் பட்டியலிடுபவருக்குப் பயன்படுமா?

கேள்வி (கல்லூரி நூலகர், தஞ்சாவூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் கல்லூரி நூலகத்திற்கு ஒரு குடும்பத்தார் தங்கள் முன்னோர் சேர்த்து வைத்திருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழ் நூல்களை அண்மையில் வழங்கினார்கள். அவற்றுள் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் அச்சானவை. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பட்டியலை முடித்துவிடலாம். ஆனால் ஒரே நூலின் இரு படிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழுத்தும் தாளும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டை எப்படிப் பதிவு செய்வது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் 'ரேர் புக் ஸ்கூல்' பற்றியும், லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் நடக்கும் அதுபோன்ற வகுப்புகள் பற்றியும் கேள்விப்பட்டேன். ஐரோப்பிய நூல்களை முன்வைத்து நடத்தப்படும் ஐந்து நாள் வகுப்பு, தமிழ் நூல்களோடு வேலை செய்பவருக்கு எந்த அளவிற்கு உதவும்? சென்று வந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையேன்.

பதில் 1 (நூலடுக்கு)

ஐயா, நான் வர்ஜீனியாவில் விளக்க நூலியல் (நூலின் தாள், மடிப்பு, அச்சு ஆகியவற்றை ஆராய்ந்து பதிவு செய்யும் துறை) வகுப்பு ஒன்றில் பயின்றவன். அந்தப் பள்ளியை டெரி பெலாஞ்சர் 1983-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். 1992-இல் அது வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில்லுக்கு இடம்பெயர்ந்தது. சொற்பொழிவு கேட்டுக் குறிப்பெடுக்கும் இடம் அன்று அது. திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் பாடம், பிறகு சிறு குழுக்களாகப் பயிற்சி, மாலையில் உண்மையான பழைய நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் என்று வாரம் முழுவதும் கண்ணும் விரலும் ஓயாமல் வேலை செய்கின்றன. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டுவதற்காக அன்றி, மாணவர் எடுத்துப் புரட்டுவதற்கென்றே சேர்க்கப்பட்ட நூல்கள் அங்கே இருக்கின்றன. என் கருத்தில் அந்தப் பள்ளியின் உயிர் அந்தச் சேகரிப்பில்தான் இருக்கிறது.

நான் கற்றவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கையால் செய்த பழைய ஐரோப்பியத் தாளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டியபடி இடைவெளி விட்டுச் செல்லும் சங்கிலிக் கோடுகளும் தெரியும். முழுத்தாளை ஒரு முறை மடித்தால் ஃபோலியோ, இரு முறை மடித்தால் குவார்ட்டோ, மும்முறை மடித்தால் ஆக்டேவோ. ஃபோலியோவிலும் ஆக்டேவோவிலும் சங்கிலிக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். குவார்ட்டோவில் கிடையாக ஓடும். நூலின் உயரத்தை அளந்து மடிப்பை ஊகிப்பவர் ஏமாறுவார், கோடுகளையும் சேர்த்துப் பார்ப்பவர் எளிதில் ஏமாறமாட்டார். நம் அச்சகங்களில் 'பாரம்' (அச்சிட்டு மடித்த தாள்கட்டு) என்று சொல்கிறார்களே, அந்தப் பாரங்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை இலைகள், எந்த இலை வெட்டி எடுக்கப்பட்டு வேறொன்று ஒட்டப்பட்டது என்பதையெல்லாம் ஒரே வரியில் எழுதிக்காட்டும் வாய்பாடும் உண்டு. உங்கள் இரு படிகளின் வேறுபாட்டைப் பதிவு செய்வதற்குத் தேவையானது அதுவே. அதற்கு மொழி ஒரு தடையே இல்லை.

கட்டணமும் பயணச் செலவும் கூடுதல்தான். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. வகுப்புகளுக்கான முன்வாசிப்புப் பட்டியல்களைப் பள்ளியின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். செல்லாவிட்டாலும் அவற்றைப் பின்பற்றிப் படிக்கலாம்.

பதில் 2 (பழுப்புத்தாள்)

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆயினும் தமிழ் நூல்களை முன்னிட்டுச் செல்பவருக்கு லண்டனே பொருத்தம் என்பேன். செனட் ஹவுஸிலிருந்து பிரிட்டிஷ் நூலகத்திற்கு நடந்தே போகலாம். எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்து 1909-இல் வெளிவந்த தமிழ் நூற்பட்டியல், அன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்து இன்று அந்நூலகத்தில் இருக்கும் நூல்களுக்கு உரியது. பகலில் வகுப்பில் கற்றதை, வகுப்பு முடிந்த பிறகு ஓரிரு நாள் தங்கி நம் நூல்களிலேயே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

எழுத்துருவைப் பார்க்கும் பழக்கம் நமக்கு எவ்வளவு தேவை என்பதற்குத் தரங்கம்பாடியில் கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய அச்சகமே சான்று. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் தாள் கட்டுக்கடங்காமல் செலவாகும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். எழுத்தின் அளவு அழகைப் பற்றிய முடிவாக இல்லாமல், தாள் தட்டுப்பாட்டின் தடயமாக அந்நூலில் நிற்கிறது. அதற்கும் முன்பு, 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் கிறிஸ்தவ சமய நூல் 16 பக்கமே உடையது. அதன் இறுதிப் பக்கத்தில் 1577-இல் கோவாவில் செய்த எழுத்துகளும் 1578-இல் கொல்லத்தில் செய்த எழுத்துகளும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. அச்சிட்டவர்களே தங்கள் எழுத்தின் வரலாற்றை நூலுக்குள் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பதில் 3 (ஏடுகாப்பாளர்)

அம்மா அல்லது ஐயா, பயணத்திற்கு முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எந்த வெளிநாட்டு வகுப்பிலும் கிடைக்காத சிக்கல் ஒன்று நம் நூல்களில் உண்டு. முகப்பில் 'தாது வருடம் மாசி மாதம்' என்று மட்டும் இருந்தால், அது 1816-இல் தொடங்கிய தாதுவா, பஞ்சத்தால் எல்லோரும் அறிந்த 1876-இன் தாதுவா, 1936-இன் தாதுவா என்று தாள், எழுத்து, அச்சகப் பெயர் ஆகியவற்றைக் கொண்டுதான் தீர்க்க முடியும். 1876 என்று முடிவு செய்தாலும் வேலை முடிவதில்லை. ஆண்டு சித்திரையில் பிறப்பதால், அந்த மாசி 1877 பிப்ரவரி, மார்ச்சில் விழும். இதைக் கவனிக்காமல் ஓராண்டு பிழையாகப் பதிவான நூல்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியலையும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் நாடுங்கள். இன்னொன்று: பட்டியல் முடியும் வரை எந்த நூலையும் மறுகட்டுக்கு அனுப்பாதீர்கள். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், பைண்டிங்குக்குப் போன 40 நூல்களும் மேலட்டை இல்லாமல், ஓரங்கள் வெட்டப்பட்டுத் திரும்பி வந்தன. விலையும், விற்ற கடையின் முகவரியும், அதே அச்சகத்தின் பிற நூல்களின் விளம்பரமும் அந்த மெல்லிய வண்ண அட்டைகளில்தான் இருந்தன. அவற்றின் நகலைக்கூட நாங்கள் எடுத்து வைத்திருக்கவில்லை.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பைண்டரிடம் கொடுப்பதற்காகக் கட்டி வைத்திருந்த நூல்களை இன்று காலை அவிழ்த்துவிட்டேன். வேறுபடுவதாகச் சொன்ன அந்த இரு படிகளையும் சன்னலருகே பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் சங்கிலிக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. மற்றொன்றில் கோடே இல்லை, தாளும் ஓரங்களில் பொடிகிறது. இரண்டின் முகப்பிலும் ஒரே வருடப் பெயர்தான் இருக்கிறது. லண்டன் வகுப்பிற்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் இவ்விரண்டின் பாரங்களையும் எண்ணி எழுதி இங்கே இடுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்.