டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ்: கிண்ணத்தில் குமிழி, கோட்டின் தொடக்கத்தில் தெறிப்பு. பிழை எங்கே இருக்கிறது?

கேள்வி

வணக்கம். இதுவரை தூரிகையாலும் ஸ்ப்ரே கேனாலும் மட்டுமே மாதிரி விமானங்களுக்கு வண்ணம் பூசி வந்த நான், இரண்டு மாதங்களுக்கு முன் 0.3 மி.மீ. நாசிலும் (வண்ணம் வெளியேறும் நுண்ணிய முனை) மேலே வண்ணம் ஊற்றும் கிண்ணமும் கொண்ட, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் ஒன்றை வாங்கினேன். ட்ரிகரைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம் என்பது புரிந்துவிட்டது; காகிதத்தில் புள்ளிகளும் கோடுகளும் ஓரளவு ஒழுங்காகவே வந்தன. ஆனால் 1/72 அளவு விமானத்தின் இறக்கையில், விளிம்பு மென்மையாகக் கரையும்படி உருமறைப்புத் திட்டுகளைப் போட முயன்றபோது எல்லாம் ஒருசேரக் கெட்டுவிட்டது.

கிண்ணத்தில் உள்ள வண்ணம் கொதிப்பதைப் போலக் குமிழியிடுகிறது. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கிறது. ஐந்து நிமிடம் ஆனதும் வண்ணம் நின்றுவிடுகிறது. ட்ரிகரை மேலும் இழுத்தால் திடீரென்று கொட்டி, சிலந்திக் கால்களைப் போல நாலாபுறமும் ஓடுகிறது. நான் பயன்படுத்துவது நீர் சார்ந்த அக்ரிலிக். அதை வெறும் தண்ணீரால் இளக்குகிறேன். காற்றின் அழுத்தமானி 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) காட்டுகிறது. வண்ணம் கெட்டியாக இருக்கிறதோ என்று மேலும் தண்ணீர் சேர்த்துப் பார்த்தேன். சிலந்திக் கால்கள் கூடினவே தவிர, தெறிப்பு குறையவில்லை. கருவி பழுதா, கலவை பிழையா, என் கை இன்னும் பழகவில்லையா என்று பிரித்தறிய வழி உண்டா? பாழான இறக்கையைக் காப்பாற்ற முடியுமா?

மறுமொழி 1

நீங்கள் விவரிப்பது ஒரே குறை அன்று. குறைந்தது மூன்று குறைகள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கருதியதால்தான் ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்று மோசமாகியிருக்கிறது. எனவே முதலில் வண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கழுவிய கிண்ணத்தில் வெறும் தண்ணீரை ஊற்றிக் காகிதத்தின் மேல் அடித்துப் பாருங்கள். தண்ணீரிலும் குமிழி வந்தால் பழி வண்ணத்தின் மேல் இல்லை.

காற்று நாசிலுக்கு வெளியே அதைச் சுற்றி வந்து, முனையில் வண்ணத்தை உறிஞ்சி எடுத்துச் செல்ல வேண்டும். நாசில் தன் இருக்கையில் சரியாகப் படியாவிட்டாலோ, அதன் வாயில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, முனையில் காய்ந்த வண்ணம் அடைத்திருந்தாலோ, வெளியேற வேண்டிய காற்றில் ஒரு பகுதி உள்ளே புகுந்து, வண்ணம் வரும் பாதையிலேயே எதிர்த்தேறிக் கிண்ணத்தில் குமிழியாக வெளிப்படும். அப்போது வண்ணமும் விட்டுவிட்டுத்தான் வரும்.

நாசிலைக் கழற்றும் முன், அதற்குள் நின்று வண்ணத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைப் பின்னால் இழுத்துவிட மறக்க வேண்டாம். ஊசி முன்னால் இருக்கும்போதே நாசிலைத் திருகினால் முனை வளைந்துவிடும். நாசிலின் வாயை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அது வட்டமாக இல்லாமல் மணியின் வாயைப் போல விரிந்திருந்தால், ஊசியை யாரோ பலமாக உள்ளே தள்ளியிருக்கிறார்கள் என்று பொருள்; அதற்கு வைத்தியம் கிடையாது, புது நாசில்தான். மீண்டும் பொருத்தும்போது நாசிலைத் திருகும் சாவியை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்துத் திருகுங்கள். அந்தத் திருகுமரை மிக நுண்ணியது. முழுக் கையின் பலத்தைக் கொடுத்து அதை உள்ளேயே முறித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

ஊசியின் முனையை ஒரு பஞ்சுத் துணுக்கின் மேல் வைத்துப் பின்னோக்கி இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத கொக்கி இருந்தால்கூட இழை மாட்டிக்கொள்ளும். தெறிப்பு ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலும் ஊசியைச் சந்தேகிக்கலாம்.

மறுமொழி 2

கருவியைப் பற்றி மேலே உள்ள நண்பர் சொல்லிவிட்டதால், நான் கையையும் கலவையையும் பற்றிச் சொல்கிறேன்.

கோட்டின் தொடக்கத்தில் தெறிப்பதற்கு, பெரும்பாலும் அதற்கு முந்தைய கோட்டை நீங்கள் முடித்த விதமே காரணம். ட்ரிகரை அப்படியே மேலே விட்டுவிட்டால் காற்றும் வண்ணமும் ஒன்றாக நின்று, ஊசி முனையில் ஒரு துளி தங்கிவிடும். அடுத்த முறை காற்றைத் திறந்தவுடன் அந்தத் துளிதான் முதலில் பறந்து போய் ஒட்டுகிறது. ஆகவே முதலில் காற்று, பிறகு வண்ணம். முடிக்கும்போது விரலை அழுத்தியபடியே ட்ரிகரை முன்னுக்குக் கொண்டுவந்து வண்ணத்தை மூடி, கடைசியாகக் காற்றை விட வேண்டும். கை நகரத் தொடங்கிய பிறகே வண்ணம் வரவேண்டும், கை நிற்பதற்கு முன்பே வண்ணம் நிற்கவேண்டும்.

ட்ரிகரைத் தொடாதபோது அழுத்தமானி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். காற்று ஓடும்போது அது கீழே இறங்கும். ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே சரிசெய்யுங்கள். பரந்த பூச்சுக்கு 18 முதல் 20 பிஎஸ்ஐ சரி. முனையை அருகில் கொண்டுபோய் 1/72 அளவில் திட்டுப் போட நான் 12 முதல் 15-க்குள் வைத்துக்கொள்கிறேன். நீர்த்த கலவை, கூடுதல் அழுத்தம், குறைந்த தூரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், வண்ணம் படியும் முன்பே காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். உங்கள் சிலந்திக் கால்கள் அப்படி வந்தவைதான்.

வெறும் தண்ணீர் பிளாஸ்டிக்கின் மேல் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். அந்த வண்ணத்துக்கென்றே உற்பத்தியாளர் விற்கும் தின்னரைப் பயன்படுத்துங்கள். சில நீர் சார்ந்த அக்ரிலிக்குகளில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்தால் பால் திரிவதைப் போலத் திரிந்துவிடும் என்பதால், எதையும் முதலில் தனிக் குப்பியில் கலந்து பாருங்கள். கலவையைக் கிண்ணத்தின் சுவரில் ஏற்றிவிட்டால், மெல்லிய படலம் ஒன்றை விட்டுக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். பால் பதம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

ஐந்து நிமிடத்தில் வண்ணம் நிற்பதற்குக் காரணம், ஊசி முனையில் அக்ரிலிக் காய்ந்து ஒட்டுவது. உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை ஓரிரு துளி சேருங்கள்; தின்னரில் நனைத்த பழைய தூரிகை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது முனையைத் துடையுங்கள். அக்ரிலிக்கானாலும் அதன் துகள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் இல்லாமல் அடிக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தண்ணீரை ஊற்றி அடித்தபோதும் குமிழி வந்தது. நாசிலைக் கழற்றிப் பார்த்தால், அதன் இருக்கையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு வளையமாகக் காய்ந்திருந்தது. முதல் நாள் அடித்த பிரைமரை நான் முறையாகக் கழுவவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பல் குத்தும் குச்சியைத் தின்னரில் நனைத்து அதைச் சுரண்டி எடுத்த பிறகு குமிழி முற்றிலும் நின்றுவிட்டது. ஊசியில் பஞ்சிழை மாட்டவில்லை.

அழுத்தத்தை, காற்று ஓடும்போது 14 ஆக வைத்து, புதிய தின்னரும் ரிடார்டரும் கலந்து காகிதத்தில் அடித்தேன். சிலந்திக் கால்கள் இல்லை. தொடக்கத் தெறிப்பு பத்துக் கோட்டில் ஒன்றிரண்டில் இன்னும் வருகிறது. அது என் விரல் பழைய வழக்கத்தில் ட்ரிகரைத் தூக்கிவிடும்போதுதான் என்பது இப்போது எனக்கே தெரிகிறது. அவசரத்தில் ட்ரிகரை அதிகமாக இழுத்துவிடும் பழக்கமும் போகவில்லை.

மறுமொழி 1

அந்த வளையம் பலரை ஏமாற்றியிருக்கிறது. ட்ரிகரை அதிகமாக இழுப்பதற்கு, கைப்பிடியின் பின்முனையில் ஊசியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திருகு உங்கள் கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விரல் பழகும் வரை அதை இறுக்கி வைத்துக்கொள்ளலாம். திருகு இல்லையென்றால் காகிதத்தில்தான் பழக வேண்டும். எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இறக்கையை அவசரப்பட்டுத் துடைக்க வேண்டாம். ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சிலந்திக் கால்களின் மேடு விரலுக்குத் தட்டுப்படாமல் போகும் வரை மெதுவாகத் தேய்த்துவிட்டு, அடி நிறத்தை மீண்டும் இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். இறக்கைத் தகடுகளின் இணைப்புக் கோடுகளில் வண்ணம் தேங்கி அடைத்திருந்தால் மட்டும், ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் முழுவதையும் நீக்கிவிட்டுப் பிரைமரிலிருந்து தொடங்குங்கள். பிரைமர் அடித்து முடித்த அன்றே நாசிலைக் கழற்றிக் கழுவிவிடுங்கள்.