இரவல் கொடுத்த ஆரம் திரும்பி வரவில்லை: வாட்ஸ்அப் மெசேஜ் ஆதாரமாக நிற்குமா?

காவிரிக்கரை:
அவசரம், சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அம்மாவின் ஆரத்தைக் கல்யாணத்துக்கு என்று இரவல் வாங்கிப் போனவர் இன்னும் தரவில்லை. கேட்டால் இன்று நாளை என்றார், இப்போது போனையே எடுப்பதில்லை. ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எழுதி எதுவும் வாங்கவில்லை, வாட்ஸ்அப் மெசேஜ்தான் இருக்கிறது. இதை வைத்துத் திருட்டு கேஸ் போட முடியுமா? ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதுமா?

தாமரை_மதுரை:
எத்தனை பவுன், எப்போது கொடுத்தீர்கள், வாங்கியவர் சொந்தமா பக்கத்து வீடா, மெசேஜில் என்ன இருக்கிறது? இதெல்லாம் இல்லாமல் என்ன சொல்வது?

நெல்லைச்சீமை:
நேராக 420 போடச் சொல்லுங்கள். ஏமாற்றி வாங்கிப் போனால் 420தான். என் மச்சானுக்கு வண்டி விஷயத்தில் அப்படித்தான் போட்டார்கள், அடுத்த வாரமே வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

பழைய_குமாஸ்தா:
தெரியாமல் பிரிவு எண்ணை அள்ளி வீசாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றங்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டமே கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, ஏமாற்று அதில் 318. தவிர ஏமாற்று என்றால் வாங்கும்போதே கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும். தம்பி கேட்கும் திருட்டும் (303) பொருந்தாது, அம்மா தானே விரும்பிக் கையில் கொடுத்திருக்கிறார். நம்பிக் கொடுத்த பொருளைத் தன் இஷ்டத்துக்கு ஆண்டுகொண்டால் அது நம்பிக்கை மோசடி, முன்பு 406, இப்போது 316. இது முதல் வருட மாணவனுக்கே தெரியும். ஒரே சம்பவத்துக்கு ஏமாற்று, நம்பிக்கை மோசடி இரண்டையும் சேர்த்துப் போட முடியாது என்று 2024இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கோவை_டெக்:
ஸ்கிரீன்ஷாட் மட்டும் என்றால் சந்தேகம்தான், அதை எவரும் எடிட் செய்யலாம். ஹேஷ் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எடுத்து வையுங்கள். புதுச் சாட்சியச் சட்டத்தில் பிரிவு 63இன் கீழ் சான்றிதழ் வேண்டும், அதில் இரண்டு பாகம், முதல் பாகம் போன் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், இரண்டாவது நிபுணர். சான்றிதழ் இல்லாமல் புகார் கொடுத்தால் எடுக்கவே மாட்டார்கள்.

பழைய_குமாஸ்தா:
கடைசி வரி தவறு. சான்றிதழ் கோர்ட்டில் ஆவணமாகக் குறியிடுவதற்குத்தான், புகார் வாங்க அது தேவையே இல்லை. அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பை (2020) படியுங்கள். பிரிண்ட், சிடி போன்ற நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம். போனின் சொந்தக்காரரே சாட்சிக் கூண்டில் ஏறி அதே போனைக் காட்டினால் அது மூல ஆவணம், சான்றிதழ் வேண்டாம். அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பற்றிய தீர்ப்பு என்று வாதம் செய்ய வராதீர்கள், புதுச் சட்டத்திலும் அடிப்படை அதுதான்.

கோவை_டெக்:
வாதம் செய்யவில்லை ஐயா. ஆனால் வழக்கு விசாரணைக்கு வர எத்தனை வருடம் ஆகும், அதுவரை அந்த போன் உயிரோடு இருக்குமா? அதனால்தான் நகலும் ஹேஷும் சான்றிதழும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்கிறேன். போன் செத்தால் மூல ஆவணமும் போச்சு.

பழைய_குமாஸ்தா:
அதை ஒத்துக்கொள்கிறேன்.

வைகை_மணி:
இரவல் நகை கொடுத்ததே தவறு. இந்தக் காலத்தில் தங்கத்தைப் போய் யாராவது கையில் எடுத்துக் கொடுப்பார்களா? போலீஸை மட்டும் குறை சொல்லி என்ன பயன்.

தாமரை_மதுரை:
பெண் கல்யாணத்துக்கு ஒரு ஆரம் இல்லாமல் தவிக்கிற வீட்டுக்குக் கழற்றிக் கொடுத்தது தவறா? எங்கள் தெருவில் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நகை வீடு விட்டு வீடு போய்த் திரும்பியிருக்கிறது, யாரும் எழுதி வாங்கியதில்லை. கொடுத்தவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பல அம்மாக்கள் வெளியே சொல்லாமல் நகையை விட்டுவிடுகிறார்கள்.

வைகை_மணி:
நான் அம்மாவைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியிருந்தால் இந்தப் பாடு இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

நெல்லைச்சீமை:
எழுதிக் கேட்டால் உறவே போய்விடும். சரி, இப்போது உறவும் போய்விட்டது, நகையும் போய்விட்டது.

காவிரிக்கரை:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். எதிர் வீட்டு அக்கா, 6 பவுன் இரட்டை வட ஆரம், 2024 மாசியில் கொடுத்தது. ஆகஸ்டில் "ஆரம் பத்திரமா பீரோல இருக்குக்கா, ஆவணி முகூர்த்தம் முடிஞ்சதும் தர்றேன்" என்று மெசேஜ். 2025 தை மாதம் ஒரு வாய்ஸ், "கஷ்டத்துக்கு பேங்க்ல வச்சுட்டேன், மீட்டுத் தர்றேன்" என்று. அப்புறம் அம்மாவுக்கு ஜிபேயில் 20,000 அனுப்பினார். நகைக்கடை பில் இல்லை, அது பாட்டி காலத்து நகை. மெசேஜ் அம்மாவின் பழைய போனில் இருக்கிறது, டிஸ்ப்ளே போய்விட்டது, புது போன் வாங்கலாம் என்று இருக்கிறோம்.

பழைய_குமாஸ்தா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் இருட்டில் கை வீசியிருக்க வேண்டாம். அந்த வாய்ஸ்தான் உங்கள் வழக்கு. அடகு வைத்ததையும், திருப்பித் தர வேண்டும் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். ஆகஸ்டில் பீரோவில் இருந்தது உண்மையானால் கையாடல் நடந்தது ஜூலை 1க்குப் பிறகு, அப்போது 316(2), 5 வருடம் வரை தண்டனை. முன்பே அடகு வைத்துவிட்டு ஆகஸ்டில் பொய் சொல்லியிருந்தால் பழைய 406, 3 வருடம். அதற்கு 3 வருடக் காலவரம்பும் உண்டு, ஆறப்போடாதீர்கள். வங்கியின் நகைக்கடன் தேதி அதைக் காட்டிவிடும், அதைக் கேட்டு வாங்க வேண்டியது போலீஸ்.
இப்போது முக்கியமான கேள்வி. அந்த 20,000 எதற்கு? ஸ்டேஷனில் சிவில் என்று சொன்னது அதனால்தான் இருக்கும். "நகைக்குப் பதில் காசாகவே கொடு" என்று அம்மா எங்காவது எழுதியிருக்கிறாரா?

கோவை_டெக்:
போனை மாற்றாதீர்கள்! டிஸ்ப்ளே மட்டும் மாற்றுங்கள், கடைக்காரர் ஃபார்மட் செய்யாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். அதே எண்ணைப் புது போன் வாட்ஸ்அப்பில் இப்போதே போடவும் வேண்டாம், பழையதில் லாக் அவுட் ஆகிவிடும். மறையும் மெசேஜ் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாய்ஸை ஃபார்வர்டு செய்து வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அது அனுப்பிய தேதியோடு புது மெசேஜாகத்தான் நிற்கும். இன்னொன்று, "எதிர் வீட்டு அக்கா" என்று சேமித்த பெயர் எதையும் நிரூபிக்காது. எண் அவருடையதுதான் என்று சிம் நிறுவனத்திடமிருந்து போலீஸ் வாங்க வேண்டும்.

அடகுக்கடைக்_கணக்கர்:
பில் இல்லை என்று கவலைப்படாதீர்கள். கல்யாண ஆல்பம் இருக்குமே, அந்தப் பெண் கழுத்தில் உங்கள் ஆரம் இருக்கும். உங்கள் அம்மா அதே ஆரத்தோடு இருக்கும் பழைய படமும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பதக்கத்தின் கல் அமைப்பே பேசும். நம்பிக்கை மோசடியில் கைமாறிய பொருளைச் சட்டம் திருட்டுச் சொத்தாகவே கணக்கிடுகிறது (317), அதனால் வங்கியில் இருந்தாலும் போலீஸ் கைப்பற்ற முடியும். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு இடைக்காலமாகக் கேட்கலாம். வங்கியும் கடன் பாக்கி என்று எதிர்த்து வரும், அதற்குத் தயாராக இருங்கள். எங்கள் கடையில் இப்படி வந்து நின்ற சண்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

காவிரிக்கரை:
20,000 வந்த அன்றே அம்மா "காசு வேணாம், எங்கம்மா போட்ட ஆரம், அதுதான் வேணும்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பணத்தைத் தொடவே இல்லை.

பழைய_குமாஸ்தா:
நல்லது. அந்த ஒரு வரி சிவில் பேச்சை அடைத்துவிடும். கடன் என்றால் காசைத் திருப்பினால் முடிந்தது, இங்கே அதே பொருள் திரும்பி வர வேண்டும் என்பது எழுத்தில் நிற்கிறது. புகாரில் அதை அப்படியே மேற்கோளாகப் போடுங்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை என்றால் எஸ்பிக்குப் பதிவுத் தபால், அதுவும் நடக்கவில்லை என்றால் போலீஸ் விசாரிக்க உத்தரவிடக் கேட்டு, பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 175(3) மனு. முதல்கட்ட விசாரணை என்று சொன்னால் புதுச் சட்டப்படி டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள்தான், அதற்கு மேல் இழுத்தால் கேளுங்கள். சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது வாங்காமல் ஸ்டேஷன் படியிறங்காதீர்கள்.

காவிரிக்கரை:
டிஸ்ப்ளே மாற்றிவிட்டோம், எல்லாம் அப்படியே இருக்கிறது. சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். ஆல்பத்தில் படம் இருக்கிறது. நன்றி எல்லாருக்கும்.

தாமரை_மதுரை:
அம்மாவிடம் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். அந்த அக்கா இனி நேரில் வந்து அழுதாலும் சமாதானப் பேச்சை மெசேஜிலேயே பேசச் சொல்லுங்கள்.

பழைய_குமாஸ்தா:
ரசீதில் எந்தப் பிரிவு, என்ன பொருள் என்று எழுதியிருக்கிறார்கள்? "பணம் கொடுக்கல் வாங்கல் தகராறு" என்று இருந்தால் உடனே சொல்லுங்கள், அதை இப்போதே மாற்றியாக வேண்டும்.

கோவை_டெக்:
காவிரிக்கரை, இருக்கிறீர்களா?