சிரசு ஊர்வலத்தில் மேலே ஏறிய கோடு

குடியாத்தம்வாசி:
வைகாசி 1, கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். எங்கள் மாடியில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை ஓடவிட்டிருந்தேன். அதன் சிப்பிலுள்ள ரேண்டம் எண் கருவியிலிருந்து நொடிக்கு 200 பிட் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) எடுப்பேன். அதில் எத்தனை 1 என்று எண்ணி வைப்பேன். சராசரி 100. பெருங்கூட்டம் ஒன்றையே கவனிக்கும்போது இந்த எண்கள் சாய்கின்றனவா என்று பார்க்கத்தான் ரோஜர் நெல்சன் 1998-இல் குளோபல் கான்ஷியஸ்னஸ் புராஜெக்ட்டைத் தொடங்கினார். உலகின் பல ஊர்களில் கருவி வைத்தார்கள், நான் ஒரு தெருவில் வைத்தேன். 100-க்கு மேலும் கீழும் வருவதைக் கூட்டிக்கொண்டே போய்க் கோடாக வரைந்தால், சிரசு தெருவுக்குள் வரும்வரை படுத்துக் கிடந்த கோடு அப்புறம் ஏறுகிறது. 3 மணி நேரத்தில் +900! கீழே தேங்காய் உடைபடும் சத்தத்தில் காது அடைக்கிறது, ஆனால் அத்தனை கண்ணும் அம்மன் முகத்தில்தான். நான் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

காட்பாடி கணக்கு:
தம்பி, 200 பிட்டுக்குத் திட்டவிலக்கம், அதாவது ஒரு நொடியில் 100-லிருந்து வழக்கமாக விலகும் அளவு, 7.07. 3 மணி நேரம் என்றால் 10,800 நொடி, அதன் வர்க்கமூலம் சுமார் 104. பெருக்கினால் 735, தற்செயலாகவே கோடு வழக்கமாக விலகும் தூரம் இது. உங்கள் 900 அதில் 1.2 மடங்குதான். பூட்டிய அறையில் ஓடவிட்டாலும் ஐந்தில் ஒரு தடவை மேலேயோ கீழேயோ இவ்வளவு தூரம் போகும். கூட்டிக்கொண்டே போகும் கோட்டில் பழைய ஏற்றமெல்லாம் அப்படியே தங்கிவிடும், அதனால் சும்மா அலைந்தாலும் மலை மாதிரி தெரியும். கணினியில் போலி எண்களை வைத்து 19 கோடு வரையுங்கள். உங்களுடையதையும் கலந்து, விவரம் தெரியாத ஒருவரிடம் எது ஊர்வலம் என்று கேளுங்கள்.

ஆம்பூர் சர்க்யூட்:
அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியா? பாவம் அந்தச் சிப். சூட்டில் பிட் ஒரு பக்கம் சாயலாம். அதற்காகத்தான் நெல்சனின் திட்டத்தில் எக்ஸார் (XOR) போட்டுப் பாதி பிட்களை, 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும், திருப்பிவிடுவார்கள், சாய்வு அடிபட்டுப்போகும். எனக்கு உறுத்துவது வேறு: வெயில் தள்ளினால் அடிபடும் என்றால், மனம் தள்ளினாலும் அடிபடத்தானே வேண்டும்?

ராணிப்பேட்டை:
3 மணி நேரம் என்று எப்போது முடிவு செய்தீர்கள்? முன்பா, கோட்டைப் பார்த்த பிறகா? நெல்சன் திட்டத்தின் 2001 செப்டம்பர் 11 தரவிலும் சண்டை இதில்தான். எட்வின் மே, ஜேம்ஸ் ஸ்பாட்டிஸ்வுட் என்ற இரு ஆய்வாளர்கள் அலசிவிட்டு, தேர்ந்தெடுத்த நேரத்தைக் கொஞ்சம் மாற்றினாலே விளைவு நிற்கவில்லை என்றார்கள்.

குடியாத்தம்வாசி:
ராணிப்பேட்டை, கோட்டைப் பார்த்த பிறகுதான். 20 படத்தையும் அக்காவிடம் காட்டினேன். யோசிக்காமல் ஒன்றைத் தொட்டு, "இதுதான், கிரீடம் மாதிரியே இருக்கு பாரு" என்றாள். அது கணினி உருட்டிய போலி. பொங்கலுக்கு எருது விடும் விழாவில் மறுபடி வைக்கிறேன், நிழலில். தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் முதல் நாளே இங்கே எழுதிவிடுகிறேன். ஆம்பூர் அண்ணே, அந்த எக்ஸார் நிரல் இருந்தால் போடுங்கள்.