கிரை மரபணு இல்லாத ஸ்ட்ரெய்னைப் பி.டி. என்று எழுதலாமா?

ஆய்வு மாணவி (கேள்வி)

வணக்கம். பருத்திக் காட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பேசில்லஸ் பாக்டீரியா ஸ்ட்ரெய்னுக்கு (தனி வளர்ப்பு வகைக்கு) என்ன பெயர் எழுதுவது என்று புரியாமல் இரண்டு மாதமாகத் திண்டாடுகிறேன். பாக்டீரியாக்களை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் மரபணுவின் வரிசையைத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டபோது பேசில்லஸ் சீரியஸ், பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் (சுருக்கமாகப் பி.டி.), ஏன், ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸ்கூட 99.8 விழுக்காட்டுக்கு மேல் பொருந்தி நின்றது. பிறகு முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்தினோம். ஏ.என்.ஐ. எனப்படும் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை துரிஞ்சியன்சிஸுடன் 98.1, சீரியஸுடன் 96.6 என்று வந்தது. ஆனால் பூச்சிகளைக் கொல்லும் படிகப் புரதத்துக்கான கிரை மரபணு ஒன்றுகூடத் தென்படவில்லை.

ஒரே சிற்றினம் என்பதற்கான 95 விழுக்காட்டு எல்லையைத் தாண்டிவிட்டதால் பி.டி. என்றே எழுதிவிடலாம் என்கிறார் நெறியாளர். பூச்சியைக் கொல்லாத ஒன்றைப் பி.டி. என்று அழைப்பது முறையா? இரண்டுடனும் 95-ஐத் தாண்டுகிறதே, அப்படியானால் அவை இரண்டும் ஒரே சிற்றினமா?

வரிசை வாசகன்

16எஸ் முடிவை இந்தக் குழுவில் ஒரு பொருட்டாகவே கொள்ள வேண்டாம். அந்த மரபணு மிக மெதுவாக மாறுவது. சீரியஸின் குரோமோசோமில் மட்டும் அதற்கு 13 நகல்கள் உள்ளன. பேரினத்தை அடையாளம் காட்டுவதோடு அதன் வேலை இங்கே முடிந்துவிடுகிறது.

95 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வைச் சூடாக்கிப் பிரித்து, ஒன்றின் இழை மற்றதன் இழையோடு எந்த அளவு சேர்கிறது என்று அளந்து, 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஒரே சிற்றினம் எனக் கொள்வது 1987-இல் ஏற்கப்பட்ட அளவுகோல். மரபணுத்தொகுதிகள் கையில் கிடைத்த பிறகு, அந்த 70-க்கு இணையாக ஏ.என்.ஐ.யில் ஏறத்தாழ 95 முதல் 96 வருவதைக் கண்டார்கள். 2018-இல் சுமார் 90,000 மரபணுத்தொகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது 83-க்கும் 95-க்கும் இடையில் மிகச் சில இணைகளே விழுந்ததால், அந்த எல்லை இயற்கையிலேயே இருக்கும் ஓர் இடைவெளி என்ற நம்பிக்கை வலுத்தது.

சீரியஸ் குழுவில்தான் அந்த இடைவெளி தெளிவாக இல்லை. 95-இல் கோடு கிழித்தால் சில ஸ்ட்ரெய்ன்கள் ஒரே நேரத்தில் இரண்டு சிற்றினங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதனால்தான் 2020-இல் வந்த ஒரு முன்மொழிவு இக்குழுவுக்கு மட்டும் எல்லையை 92.5-க்கு இறக்கியது. அதன்படி சீரியஸின் டைப் ஸ்ட்ரெய்னும் (சிற்றினப் பெயருக்கு அடையாளமாக வைத்திருக்கும் ஸ்ட்ரெய்ன்) துரிஞ்சியன்சிஸின் டைப் ஸ்ட்ரெய்னும் ஒரே மரபணுவியல் சிற்றினம். ஆந்த்ராசிஸ் வேறொன்றில் போய்ச் சேர்கிறது. உங்கள் இரண்டாம் கேள்விக்கு மரபணுத்தொகுதி தரும் விடை, ஆம், ஒன்றுதான்.

பழைய ஆய்வகத்தார்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நெறியாளரும் நீங்களும் ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஆள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவருக்குத் துரிஞ்சியன்சிஸ் என்பது குரோமோசோமின் உறவுமுறை. உங்களுக்கு அது ஒரு செயல்.

பெயர் பிறந்தது செயலை வைத்துத்தான். 1911-இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் மாவு அந்துப்பூச்சியின் நோயுற்ற புழுக்களிலிருந்து பெர்லினர் என்ற ஆய்வாளர் இதைப் பிரித்தெடுத்து, ஊரின் பெயரையே சூட்டினார். (ஜப்பானில் இஷிவாட்டா 1901-லேயே பட்டுப்புழுவில் இதைக் கண்டுவிட்டார், பெயரில் அவருக்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.) அந்தப் பெயரைத் தாங்கும் கிரை மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிடுகளில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. துண்டுகளில், இருக்கின்றன. பிளாஸ்மிடு ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், வளர்ப்பில் தொலைந்தும் போகும். ஆந்த்ராக்ஸின் நச்சும் உறையும் பி.எக்ஸ்.ஓ.1, பி.எக்ஸ்.ஓ.2 என்ற இரு பிளாஸ்மிடுகளில்தான் உள்ளன. ஜி9241 என்ற சீரியஸ் ஸ்ட்ரெய்ன் முதலாவதை ஏறத்தாழ அப்படியே சுமந்துகொண்டு ஆந்த்ராக்ஸ் போன்ற நுரையீரல் நோயை உண்டாக்கியது 2004-இல் வெளியானது. குரோமோசோமை மட்டும் பார்க்கும் பெயர் அந்த நோயாளியின் மருத்துவருக்கு எந்த எச்சரிக்கையும் தந்திருக்காது.

அதற்காக எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடவும் பெயரிடல் விதிகள் இடம் தருவதில்லை. பிளேக் கிருமியும் யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸும் டி.என்.ஏ. அளவில் ஒன்றே என்று தெரிந்து, பிளேக் கிருமியை அதன் துணைச் சிற்றினமாக்க முயன்றபோது, குழப்பத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று 1985-இல் பாக்டீரியாப் பெயரிடலுக்கான நீதி ஆணையம் அப்பெயரைத் தள்ளிவிட்டது. சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா இன்னும் ஈ.கோலைக்கு வெளியே தனிப் பேரினமாக நிற்பதும் இதையொத்த காரணத்தால்தான்.

நுண்ணோக்கி

பெயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் சில ஐயங்கள். 98.1 என்பது டைப் ஸ்ட்ரெய்னின் மரபணுத்தொகுதியோடு ஒப்பிட்டதா, அல்லது துரிஞ்சியன்சிஸ் என்ற பெயரில் தரவுத்தளத்தில் கிடந்த ஏதோ ஒன்றோடா? இக்குழுவில் தவறான பெயர்ச்சீட்டு ஒட்டிய மரபணுத்தொகுதிகள் ஏராளம். பிடைப்பர்3 என்ற கருவி இந்தக் குழுவுக்கென்றே எழுதப்பட்டது, ஏ.என்.ஐ.யையும் நச்சு மரபணுக்களையும் அது சேர்த்தே பார்க்கும்.

இரண்டாவது, டி.என்.ஏ. எடுப்பதற்கு முன் எத்தனை முறை மறுவளர்ப்பு செய்தீர்கள், எந்த வெப்பநிலையில்? 42 டிகிரி செல்சியஸில் திரும்பத் திரும்ப வளர்ப்பது பி.டி.யின் பிளாஸ்மிடுகளைக் களைவதற்கு ஆய்வகங்களில் வேண்டுமென்றே செய்யும் வழி. முதன்முதலில் கிளிசராலில் உறையவைத்துச் சேமித்த குழாய் இருந்தால் அதிலிருந்து ஊட்ட அகாரில் கோடிழுத்து, ஐந்து நாள் விட்டு, ஸ்போர் (உறங்குநிலை வித்து) வெளிவந்த பிறகு கூமாசி நீலம் என்ற புரதச் சாயத்தை ஏற்றிப் பாருங்கள். ஸ்போர் நிறமேறாமல் வெளிறி நிற்கும். படிகம் இருந்தால் கருநீலமாகப் பக்கத்திலேயே கிடக்கும்.

ஆய்வு மாணவி

அனைவருக்கும் நன்றி. ஒப்பிட்டது டைப் ஸ்ட்ரெய்னோடுதான், அதைச் சரிபார்த்துவிட்டேன். ஆனால் நுண்ணோக்கி ஐயா கேட்ட இரண்டாம் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். எனக்கு முன் இருந்த மாணவர் வெப்பம் தாங்கும் திறனைச் சோதிப்பதற்காக இதை 42 டிகிரியில் பல வாரம் வளர்த்திருக்கிறார். நான் வரிசைப்படுத்தியது அவர் விட்டுச்சென்ற தட்டிலிருந்து எடுத்ததை.

பழைய கிளிசரால் குழாய் குளிர்பெட்டியின் அடித்தட்டில் கிடைத்தது. ஐந்தாம் நாள் பார்த்தபோது, வெளிறிய ஸ்போர்களுக்கு இடையே இருமுனையும் கூர்ந்த, வைர வடிவிலான கருநீலப் படிகங்கள் இருந்தன. என் தட்டிலிருந்து எடுத்ததில் வெறும் ஸ்போர்கள்தான். குழாயில் உள்ளதையும் வரிசைப்படுத்தக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஒரே ஸ்ட்ரெய்னுக்கு இரண்டு பெயரா எழுதுவது?

பழைய ஆய்வகத்தார்

குழாயில் உள்ளதன் குரோமோசோமும் அதே 98.1-ஐத்தான் காட்டும், எனவே சிற்றினம் இரண்டுக்கும் ஒன்றே. 2020 முன்மொழிவின் வழியில் எழுதுவதானால் குழாயில் இருப்பது பேசில்லஸ் சீரியஸ், பயோவார் (செயலை வைத்துச் சேர்க்கும் துணைப்பெயர்) துரிஞ்சியன்சிஸ். தட்டில் இருப்பது பயோவார் இல்லாத பேசில்லஸ் சீரியஸ். நெறியாளர் பழைய பெயரையே விரும்பினால், தட்டில் உள்ளதைப் ‘பிளாஸ்மிடு இழந்த துரிஞ்சியன்சிஸ் வழித்தோன்றல்’ என்று எழுதி, 42 டிகிரியில் எத்தனை வாரம் வளர்ந்தது என்பதையும் செய்முறைப் பகுதியில் மறைக்காமல் சேர்த்துவிடுங்கள்.