வயதான நாய்க்குப் பெரிய ஆபரேஷன்: பணம் கட்டும் முன் எதைப் பார்ப்பது?

தாம்பரம் லேப்:
லேப்ரடார், பெண், 11 வயது, 31 கிலோ. கருத்தடை செய்யவில்லை. வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் மண்ணீரலில் 6 செ.மீ. கட்டி தெரிந்தது. மண்ணீரலையே எடுத்துவிட வேண்டுமாம். சொல்லும் தொகை பெரிது. இந்த வயசில் செய்யலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாமக்கல் வெட்:
வயசை ஓரமாக வையுங்கள். பதினொரு வயசு என்பதற்காக மட்டும் யாரும் மயக்க மருந்து கொடுக்க மறுப்பதில்லை. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தால், ரத்தம் குறைந்திருந்தால், இதயம் வீங்கியிருந்தால் யோசிப்பார்கள்.

மண்ணீரல் கட்டியில் மூன்றில் இரண்டு புற்று, அந்தப் புற்றிலும் மூன்றில் இரண்டு ஹெமாஞ்சியோசார்கோமா (ரத்தக்குழாய்ச் சுவரில் தொடங்கும் புற்று) என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது பெரும்பாலும் ரத்தம் கசிந்து மயங்கி விழுந்து வந்த நாய்களை வைத்துப் போட்டது. உங்களுடையதைப்போல் கசிவில்லாமல் தற்செயலாகத் தெரியும் கட்டிகளில் சாதாரணக் கட்டியாக இருக்கும் வாய்ப்பு கணிசம். அப்படியிருந்தால் மண்ணீரலை எடுத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. மண்ணீரல் இல்லாமல் நாய் நன்றாகவே வாழும்.

ஹெமாஞ்சியோசார்கோமாவாக இருந்தால் ஆபரேஷன் மட்டும் தருவது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏற்றினால் நான்கு முதல் ஆறு மாதம். குணமாகும் நோய் இல்லை அது. ஊசி குத்திப் பார்த்தும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ரத்தம்தான் வரும், கட்டி கசியவும் கூடும்.

அதனால் பெரிய தொகைக்கு முன் சின்னத் தொகையைச் செலவழியுங்கள். நெஞ்சுக்கு மூன்று கோணத்தில் எக்ஸ்ரே: வலப்பக்கம், இடப்பக்கம், மல்லாக்க. பிறகு இதயத்துக்கு எக்கோ. வலது ஏட்ரியத்தில் (இதயத்தின் மேலறை) கட்டியோ, இதய உறைக்குள் நீரோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுரையீரலில் புள்ளிகளோ இதயத்தில் கட்டியோ தெரிந்தால் வயிற்றைத் திறப்பதில் அர்த்தமில்லை.

ராஜபாளையத்தான்:
ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட்டை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வெளியில் தெரியாமலே பல நாய்களில் ஒளிந்திருக்கும், பிளேட்லெட்டைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணமாக இரண்டிலிருந்து ஐந்து லட்சம் இருக்க வேண்டியது ஐம்பதாயிரத்துக்குக் கீழே போயிருந்தால் மண்ணீரலில் கத்தி வைப்பது ஆபத்து. மெஷின் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பிளேட்லெட் திரண்டிருந்தால் மெஷின் குறைத்துக் காட்டும், கண்ணாடித் தகட்டில் ரத்தம் இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். எர்லிக்கியா (உண்ணிக் காய்ச்சல் கிருமி) என்று உறுதியானால் டாக்சிசைக்ளின் 28 நாள். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் பிளேட்லெட் ஏறும்வரை காத்திருக்கலாம்.

ரத்தம் கொடுக்க ஒரு நாயை முன்கூட்டியே பேசி வையுங்கள். 25 கிலோவுக்கு மேல், ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குள், தடுப்பூசி போட்டது, உண்ணிக் காய்ச்சல் இல்லாதது. சென்னையில் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் விலங்கு ரத்த வங்கி இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

கோவை தியேட்டர்:
எங்கே செய்வது என்பதற்கு நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்வி. ஒன்று, கேஸ் மயக்கமா? ஐசோஃப்ளூரேன், மூச்சுக்குழாயில் டியூப், ஓடிக்கொண்டிருக்கும் டிரிப், பிபி பார்க்கும் மானிட்டர், உடம்பு சில்லிடாமல் சூடு. சைலசின்-கீட்டமின் ஊசி ஒன்றை மட்டும் போட்டு முடிப்பதாகச் சொன்னால் வயதான நாயோடு அங்கே நிற்காதீர்கள்.

இரண்டு, ராத்திரி யார் இருப்பார்கள்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. மண்ணீரல் எடுத்த நாய்க்கு முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் இதயத்துடிப்பு தாறுமாறாகப் போவது சகஜம். தையல் அழகாக இருக்கும், நாயும் வாலாட்டும், இசிஜி-யில் மட்டும் தெரியும். பார்த்தால் லிடோகெயினில் அடக்கலாம். ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு உதவியாளரிடம் நாயை விட்டுப் போகிற கிளினிக் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மயக்கம், சர்ஜன், மருந்து, ஒரு நாள் வார்டு, ரத்தம், திசுப் பரிசோதனை எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். 'பேக்கேஜ்' என்று ஒரே எண்ணாகச் சொன்னால் பெரும்பாலும் கடைசி இரண்டும் அதில் இருக்காது. கல்லூரி மருத்துவமனைகளில் செலவு பல மடங்கு குறைவு. காத்திருக்க வேண்டும், கூட ஒருவர் முழு நாளும் நிற்க வேண்டும்.

தாம்பரம் லேப்:
நன்றி சார். கருத்தடையும் கூடவே செய்துவிடலாமா? திறந்து பார்த்த பிறகு பரவியிருந்தால் என்ன செய்வது?

நாமக்கல் வெட்:
பிபி நிலையாக இருந்தால் அதே திறப்பில் கர்ப்பப்பையையும் எடுக்கலாம். ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் வேண்டாம், மயக்க நேரம் கூடும். கர்ப்பப்பை இருக்கும்வரை சீழ் பிடிக்கும் பயம் உண்டு: ஹீட் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில் தண்ணீராகக் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும். அதற்கு ஆபரேஷன் என்றால் 13 வயதிலும் தயங்க மாட்டேன், எடுத்தால் முழுக் குணம். மண்ணீரல் கணக்கு வேறு.

பரவியிருந்தால் என்ன என்பதை முந்தைய நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மயக்கத்திலேயே வலியில்லாமல் உயிரை முடித்துவிடலாமா, எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்று. நடுவில் போன் வரும்போது யாருக்கும் யோசனை ஓடாது. ஒரு எச்சரிக்கை: ஈரலில் முடிச்சுகள் தெரிந்தால் மட்டும் முடித்துவிடச் சொல்லாதீர்கள். வயதான நாய்களின் ஈரலில் தீங்கற்ற முடிச்சுகள் சகஜம், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கொழுப்புச் சவ்வெல்லாம் கறுஞ்சிவப்பாக அப்பியிருந்தால் அது வேறு.

பூனைவீடு:
முழங்கால் ஜவ்வு அறுந்து டிபிஎல்ஓ (கால் எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் ஆபரேஷன்) சொல்லப்பட்டவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அங்கே உயிருக்கு அவசரமில்லை. எலும்பு ஒன்று சேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கட்டுப்பாடு வேண்டும், மறுகாலும் பின்னால் அறுவது அதிகம். வழுவழு டைல்ஸ், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, 30 கிலோ நாய் என்றால் முதலில் அதற்கு வழி பாருங்கள். தீராத வலியில் இருக்கிறதே என்று வீட்டு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் கொடுக்கக் கூடாது, குடல் புண்ணாகும். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம்.

ராஜபாளையத்தான்:
வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் கவனிப்பு உண்டு சகோ. தினமும் ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள். கட்டி கசிந்தால் நாய் திடீரென்று சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும், வயிறு கனக்கும். மறுநாள் எழுந்து சாப்பிடவும் செய்யும், ஏனென்றால் வயிற்றில் கசிந்த ரத்தத்தை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். 'சரியாகிவிட்டது' என்று பலர் விடுவது அங்கேதான். அடுத்த கசிவு பெரிதாக வரலாம், எந்த டாக்டரை எந்த நேரத்தில் கூப்பிடுவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

கோவை தியேட்டர்:
செய்வதென்றால் எடுத்த மண்ணீரலைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடாதீர்கள், கீமோ வேண்டுமா என்பது அதில்தான் தெரியும். கட்டியும் நல்ல பகுதியும் சேரும் ஓரத்திலிருந்து பல துண்டு வேண்டும், நடுவில் இருப்பது வெறும் உறைந்த ரத்தமாக இருக்கும். 10 சதவீத ஃபார்மலினில் போட்டு அனுப்ப வேண்டும், அளவு திசுவைப்போல் பத்து மடங்கு. ஃப்ரீஸரில் வைத்தால் ரிப்போர்ட் வராது.