துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமையா?

கொள்ளிடக்கரை: படுகையில் கரும்பும் கடலையும் போட்டவனுக்குத்தான் காட்டுப்பன்றியின் அட்டகாசம் தெரியும். துப்பாக்கி உரிமம் கேட்டு மனு கொடுத்தால் அலையவிடுகிறார்கள். இதே காவிரி பிறக்கிற குடகில் கொடவர்கள் உரிமமே இல்லாமல் வைத்திருக்கிறார்கள், வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு இன்றும் நிற்கிறது. தலைக்காவிரியில் உண்டு, கடைமடையில் கிடையாதா?

வெண்ணாறு: அண்ணே, உரிமம் கிடைத்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் பன்றியைச் சுட முடியாது. அதை விடுங்கள். நம் பக்கம் துப்பாக்கி யார் கையில் இருந்தது? 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூடுதல் நெல் கூலி கேட்டவர்களைத் தேடி மிராசுதார் ஆட்கள் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை வைத்து எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்.

கொள்ளிடக்கரை: தம்பி, நானும் அதைத்தான் சொல்கிறேன். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில் இருந்தால் செல்வாக்கு உள்ளவனுக்குத்தான் போய்ச்சேரும். விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்று 1931 கராச்சி காங்கிரஸில் தீர்மானமே போட்டார்கள். சுதந்திரம் வந்ததும் அதைக் காணோம்.

வெண்ணாறு: காணாமல் போகவில்லை, பேசித்தான் விட்டார்கள். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதற்காகவே திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் எதிர்த்தார், தோற்றது. எனக்கு அது சரியாகவே படுகிறது. எல்லோருக்கும் உரிமை என்று எழுதிவைத்தாலும் வெண்மணியில் கூலிக்கு நின்றவர் எந்தக் காசில் துப்பாக்கி வாங்கியிருப்பார்? 1791-லேயே எழுதிவைத்த அமெரிக்காவைப் பாருங்கள், 2021-ல் மட்டும் துப்பாக்கியால் 48,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் பயிர் கருகி, கடன்காரன் வாசலில் நிற்கிற நாளில் வீட்டுக்குள் அது இருக்க வேண்டுமா?

வலங்கைமான்: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் இருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் அம்மாவுக்கு இருக்கிற நிம்மதி வேறு. பங்காளிச் சண்டை உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

கொள்ளிடக்கரை: சண்டை போடுகிற வீட்டுக்குக் கொடுக்காதே, விசாரித்துப் பார், அதற்குத்தானே காவல்துறை அறிக்கை? வனத்துறை அனுமதியையும் கேட்கத் தயார். ஆனால் மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீடும் உண்டு என்று 1959 ஆயுதச் சட்டமே சொல்கிறது. எனக்கு இன்றுவரை சரி என்றும் பதில் இல்லை, முடியாது என்றும் இல்லை. நான் எதை வைத்து மேல்முறையீடு செய்வது, சொல்லுங்கள்.