எழுத்தில் திணறும் பணியாளருக்கு எப்படி உதவுவது?

வினா: குழுத்தலைவர்

என் குழுவில் உள்ள எட்டுப் பேரில் ஒருவர், வாடிக்கையாளரிடம் பேசிச் சிக்கலின் வேரைக் கண்டறிவதில் மற்ற எல்லோரையும் விஞ்சுகிறார். ஆனால் அதையே அறிக்கையாக எழுதச் சொன்னால் இரண்டு நாள் தாமதமாகிறது, பிழைகளும் மலிந்திருக்கின்றன. கவனக்குறைவு என்றெண்ணி இருமுறை கடிந்துகொண்டேன். சென்ற வாரம், தமக்குச் சிறு வயது முதலே டிஸ்லெக்சியா (வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) இருப்பதாகத் தனியே தெரிவித்தார். மற்றவர்களுக்குத் தெரியாமல் அவருக்கு உதவ விரும்புகிறேன். ஆண்டு மதிப்பீடும் நெருங்குகிறது. எதிலிருந்து தொடங்குவது?

மறுமொழி 1: மெதுவாசகன்

எனக்கும் டிஸ்லெக்சியா உண்டு. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைக்கும் வேலை பெரும்பாலோருக்குத் தானாக நடந்துவிடுகிறது. எனக்கோ அதற்கு ஒவ்வொரு முறையும் முயற்சி தேவைப்படுகிறது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. என்னை மிகவும் வதைப்பது நீண்ட அறிக்கை அன்று. கூட்டத்தின் நடுவே ஒரு தாளை நீட்டி, படித்துவிட்டு உடனே கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்பதுதான். அதை முந்தைய நாளே அனுப்பிவிட்டால் பாதிச் சுமை குறையும்.

எல்லாவற்றையும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கேட்டதைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்திவைக்கும் திறனும் எங்களில் பலருக்குக் குறைவு என்பதால், அடுக்கடுக்காகச் சொல்லப்படும் ஐந்து பணிகளில் மூன்றாவது நழுவிவிடும். பேசி முடித்தபின் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எது கடினம் என்று அவரிடமே கேளுங்கள். என் சிக்கல் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை.

மறுமொழி 2: மனிதவளப் பணியில் இருப்பவர்

எழுத்தை வாசித்துக் காட்டும் வசதியும் பேச்சை எழுத்தாக்கும் வசதியும் இன்று பெரும்பாலான கணினிகளிலும் கைபேசிகளிலும் இருக்கின்றன. அறிக்கையின் முதல் வரைவை அவர் பேசியே உருவாக்கலாம். ஆவணங்களில் வரி இடைவெளியைக் கூட்டி, பத்திகளைச் சிறிதாக்கி, வரிகளின் இடப்புற ஓரத்தை மட்டும் நேராக்குங்கள். டிஸ்லெக்சியாவுக்கென்றே விற்கப்படும் எழுத்துருக்களுக்குப் பணம் செலவிடுமுன் யோசியுங்கள். அவற்றால் வாசிப்பு மேம்படுகிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை, அவருடைய பணியின் சாரம் சிக்கலைக் கண்டறிவதா, பிழையின்றி எழுதுவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முன்னதே சாரம் என்றால், அறிக்கையின் முடிவுகள் சரியா என்பதற்கே மதிப்பெண். எழுத்துப்பிழையை மற்றொருவர் திருத்தலாம். மருந்தளவோ ஒப்பந்தத் தொகையோ எழுதும் பணியென்றால் இரண்டாம் பார்வை கட்டாயம், அதுவும் யார் எழுதினாலும். அவருடைய ஒப்புதலின்றி எங்கள் துறையிடம்கூட இதைச் சொல்லாதீர்கள்.

குழுத்தலைவர்:

இருவருக்கும் நன்றி. முன்கூட்டியே ஆவணம் அனுப்புவதையும், அறிக்கைகளை ஒருவருக்கொருவர் சரிபார்ப்பதையும் எட்டுப் பேருக்குமான நடைமுறையாக்கிவிடுகிறேன். அப்போது அவர் தனித்துத் தெரியமாட்டார். கடிந்துகொண்டதற்கு நாளை அவரிடம் தனியே வருத்தம் தெரிவிக்க வேண்டும்.